மஞ்சள் விளக்குக்கு ஐம்பது மீட்டர் முன்னால்

(வாடகை வாகன ஓட்டுநர்களின் ஆண்டு விழாக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



போக்குவரத்து விளக்குகளின் முன் வாகனம் ஓட்டுவோர் நடந்துகொள்ள வேண்டிய முறையைப் பற்றிப் பேச வேண்டுமென்று விழாக் குழுவினர் என்னிடம் கேட்டபோது, கொல்லன் தெருவில் ஊசி விற்கப் புறப்பட்டவனுக்கு உண்டாகும் கூச்சம் எனக்கும் உண்டாயிற்று. நான் ஒரு மாதத்தில் கடக்கும் சிக்னல்களை நீங்கள் ஒரே பகலில் கடந்துவிடுகிறீர்கள். தவிரவும், சிவப்பென்றால் நில், பச்சையென்றால் செல் என்பதைப் பாலர் வகுப்புக் குழந்தைகூடக் கையை ஆட்டி ஒப்பிக்கிறதே, அதற்குமேல் ஒரு சொற்பொழிவுக்கு இதில் விஷயம் ஏது என்றும் தோன்றியது. இப்படி எண்ணமிட்டுக்கொண்டு நான் திண்ணையில் உட்கார்ந்திருக்கையில், என் பேத்தி அதே பாடத்தை ஒப்பித்துக்கொண்டு வந்தாள். சிவப்பு நில், மஞ்சள் தயாராகு, பச்சை செல் என்று அவள் முடித்ததும், "எதுக்குத் தயாராகணும் கண்ணு?" என்று கேட்டேன். "போறதுக்குத்தான் தாத்தா!" என்றாள், இதுகூடத் தெரியாதா என்ற முகத்தோடு.

இன்றைய பேச்சுக்கு விஷயம் அங்கேதான் கிடைத்தது. இங்கிலாந்தில் சிவப்பு மாறிப் பச்சை வருவதற்கு முன்பு சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தாற்போலச் சிறிது நேரம் எரிவது வழக்கம். அந்த ஊரில் பிறந்த குழந்தை, மஞ்சளைக் கண்டால் புறப்படத் தயாராகு என்று பாடினால் அதில் பாதியாவது நியாயம் இருக்கும். நம்முடைய வீதிகளிலோ பெரும்பாலும் மஞ்சள் பச்சைக்குப் பின்னால் வருகிறது. அதற்குப் பின்னால் வருவது சிவப்பு. ஆகவே அது சொல்வது நிற்கத் தயாராகு என்பதாக இருக்க, போகத் தயாராகு என்று நெஞ்சில் பதித்துக்கொண்ட குழந்தைகள் வளர்ந்து, லைசென்ஸ் வாங்கி, மஞ்சளைக் கண்ட மாத்திரத்தில் ஆக்ஸிலரேட்டரை முறுக்குவதைப் பார்க்கும்போது, பாடத்தை நன்றாகத்தான் படித்திருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

நாம் அன்றாடம் பேசும் பேச்சிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. "சிக்னல் விழுந்துடுச்சு" என்கிறோம். சிவப்பு வந்துவிட்டது, நிறுத்து என்ற கருத்திலும் சொல்கிறோம். பச்சை வந்துவிட்டது, வண்டியை எடு என்ற கருத்திலும் சொல்கிறோம். விளக்கு எரிகிறது, அணைகிறது. அது எங்கே விழுகிறது? இந்தச் சொல் ரயில் நிலையத்திலிருந்து வந்திருக்க வேண்டுமென்பது என் அபிப்பிராயம். என் வயதுக்காரர்கள் கைகாட்டி மரத்தைக் கண்டிருப்பார்கள். உயர்ந்த கம்பத்தில் ஒரு மரக்கை கிடைமட்டமாக நீட்டிக்கொண்டிருந்தால் ரயில் நிற்க வேண்டும். அந்தக் கை கீழே சாய்ந்தால் பாதை தயார். "கைகாட்டி விழுந்துட்டுது" என்று யாரேனும் கத்தினால், பிளாட்பாரத்தில் படுத்திருந்தவர்களெல்லாம் மூட்டை முடிச்சுகளோடு எழுந்து நிற்பார்கள். இரும்புப் பாதையின் பாஷை தார்ச்சாலைக்கு வந்தபோது, வார்த்தை வந்து சேர்ந்தது. அதன் பொருள் வழியில் எங்கோ இறங்கிவிட்டது.

பாஷை மட்டுமல்லாமல் சாலை விளக்கே ரயில்வேயின் பிள்ளைதான். 1868 டிசம்பரில், மோட்டார் வண்டி என்ற ஒன்று லண்டன் வீதிகளில் இல்லாத அந்தக் காலத்தில், குதிரை வண்டிகளின் நெரிசலுக்கிடையே பார்லிமெண்ட் கட்டடத்தின் எதிரே மனிதர்கள் சாலையைக் கடக்க முடியாமல் தவித்தபடியால், ஜே. பி. நைட் என்ற ரயில்வே சிக்னல் என்ஜினீயர் அங்கே ஒரு கம்பத்தை நாட்டினார். பகலில் கைகாட்டி, இரவில் சிவப்பும் பச்சையுமாக எரியும் கேஸ் விளக்கு. ஒரு போலீஸ்காரர் அருகில் நின்று அதை இயக்கினார். மறு மாதம், 1869 ஜனவரி 2-ஆம் தேதி, கேஸ் கசிந்து விளக்கு வெடித்தது. அந்தப் போலீஸ்காரர் காயமுற்றார். உலகத்தின் முதல் சாலைச் சிக்னல் வெகு காலம் நீடிக்கவில்லை. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் வெடித்ததைச் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்தக் கம்பத்தில் பச்சைக்கு என்ன பொருள் கொடுத்திருந்தார்கள் என்பது. கை நீண்டிருந்தாலோ சிவப்பு எரிந்தாலோ, நில். கை சாய்ந்திருந்தாலோ பச்சை எரிந்தாலோ, ஜாக்கிரதை. நடந்து கடப்பவர்களைக் கவனித்துக்கொண்டு மெல்லப் போ. அந்த நாளைய ரயில் பாதையிலும் பச்சைக்கு எச்சரிக்கை என்பதே பொருள். தாராளமாகப் போகலாம் என்பதற்கு வெள்ளை விளக்கு இருந்தது. சாலைக்கு வந்த முதல் பச்சை, 'போ' என்று ஒருபோதும் சொன்னதில்லை.

பின்னர் 1914 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தின் யூக்ளிட் அவென்யூவில் சிவப்பும் பச்சையுமாக மின்சார விளக்கு அமைந்தது. நிறம் மாறப் போகிறது என்பதை அறிவிக்க அதில் ஒரு பஸர் ஓசை இருந்தது. இரண்டே வர்ணங்கள் இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். பச்சையைப் பார்த்துக்கொண்டே ஒருவன் வருகிறான். அவன் நிறுத்தக் கோட்டை நெருங்கும் அந்த க்ஷணத்தில் சிவப்பு எரிகிறது. அவன் மனிதன், நினைத்த மாத்திரத்தில் சிலையாக நிற்க அவனால் ஆகுமா? 1920-ல் டெட்ராய்ட் நகரத்துப் போலீஸ் அதிகாரியான வில்லியம் பாட்ஸ் என்பவர், நான்கு திசையும் நோக்கிய கம்பத்தில் சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு மஞ்சளை வைத்தார். சந்தியின் நடுவே நின்று, நாலாபுறமும் வரும் வண்டிகளின் முகத்தைப் பார்த்துப் பழகிய ஒருவருக்குத்தான் அந்த யோசனை தோன்றியிருக்கும்.

ஆக, மஞ்சள் என்பது வண்டியின் வேகத்துக்கும் மனிதனுடைய கை கால்களின் சுணக்கத்துக்கும் நாகரிகம் அளித்திருக்கும் அவகாசம். அந்த அவகாசத்தின் அளவு எவ்வளவு? மூன்று வினாடி முதல் ஐந்து வினாடி வரை. இதை வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். கணக்கென்றதும் பின் வரிசையில் சிலர் எழுந்திருப்பது தெரிகிறது. பெருக்கல் வகுத்தலுக்கு மேல் போகமாட்டேன், உட்காருங்கள்.

மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் கார் ஓட்டி வருகிறார். அதாவது வினாடிக்கு 15 மீட்டர். மஞ்சள் எரிகிறது. கண் கண்டு, புத்தி உணர்ந்து, கால் பிரேக்கின்மேல் ஏறுவதற்கு ஒரு வினாடி கொடுப்போம். அதற்குள் வண்டி 15 மீட்டர் ஓடிவிடும். அப்புறம், உள்ளே இருப்பவர்கள் முன் சீட்டில் போய் முட்டிக்கொள்ளாதபடி, வினாடிக்கு மூன்று மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால், நிற்பதற்கு ஐந்து வினாடியும் முப்பத்தேழரை மீட்டரும் வேண்டும். இரண்டையும் கூட்டினால் ஐம்பத்திரண்டரை மீட்டர். ஆகவே கோட்டுக்கு அவ்வளவு தூரத்துக்கு அப்பால் இருப்பவர் பதறாமல் நிற்கலாம். சரி, நிற்காமல் அதே வேகத்தில் போகிறவருக்கு? மஞ்சள் எரியும் மூன்று வினாடிக்குள் அவர் 45 மீட்டர் போவார். கோட்டுக்கு 45 மீட்டருக்குள் இருந்தவர் சிவப்பு விழுமுன் அதைத் தாண்டிவிடலாம். இப்போது நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்திரண்டரைக்கும் நடுவே இருப்பவருடைய கதியைப் பாருங்கள். அவரால் ஒழுங்காக நிற்கவும் முடியாது. ஒழுங்காகக் கடக்கவும் முடியாது. அந்த இடைவெளி எவ்வளவு என்று கழித்துப் பார்த்தால் ஏழரை மீட்டர் வருகிறது. ஏழரை என்று விடை வந்தது என் செயலன்று. ஆனால் அந்த எண் நம் நாட்டில் யாருக்கு உரியது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காஸிஸ், ஹெர்மன், மரதுதின் என்ற மூன்று அறிஞர்கள் 1960-ல் இந்தச் சங்கடத்தைப் பற்றியே ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்கள். மஞ்சளின் கால அளவு வேகத்துக்குத் தக்கபடி அமையாவிட்டால், சட்டத்துக்கு அடங்கி நடக்க விரும்பும் ஓட்டுநர்கூட அடங்க முடியாத நிலைக்கு ஆளாகிறார் என்பதைக் கணித முறையில் காட்டினார்கள். ஆகவே இதில் விளக்கை அமைக்கிற என்ஜினீயருக்கும் பங்கு உண்டு. எல்லாப் பாவத்தையும் ஓட்டுகிறவன் தலையில் கட்டுவது நியாயமாகாது.

ஆனால் அதே கணக்கை மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்துக்குப் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு 10 மீட்டர். நிற்பதற்கு வேண்டியது ஏறக்குறைய 27 மீட்டர். மூன்று வினாடியில் கடக்கக் கூடியது 30 மீட்டர். ஏழரை போயே போய்விட்டது! நிற்கவும் முடியாமல் போகவும் முடியாமல் அகப்பட்டுக்கொள்ளும் இடமே இல்லை; நடுவிலுள்ள மூன்று மீட்டரில் இருப்பவருக்கு இரண்டும் சாத்தியம். அப்போது நிற்பதுதான் முறை. மஞ்சளின் பொருள் நில் என்பதே. கோட்டை ஏற்கெனவே தாண்டிவிட்டவர்களுக்கும், பிரேக் போட்டால் பின்னால் வருகிறவன் வந்து மோதிவிடுவான் என்ற அளவுக்குக் கோட்டை நெருங்கிவிட்டவர்களுக்கும் மட்டும் அதில் விலக்கு உண்டு. நின்றுகொண்டு வரும் ஜனங்களைச் சுமந்து வரும் பஸ் ஓட்டுநருக்கு இந்த விலக்கு சற்றே தாராளமாகத் தேவைப்படும். இரு சக்கர வாகனக்காரருக்கு அவ்வளவு தேவைப்படாது. வழக்கத்தில் அதை அனுபவிப்பவர்களோ அவர்கள்தாம்.

இதனால்தான் ஐம்பது மீட்டரைத் தலைப்பாக நான் பிடித்துக்கொண்டேன். விளக்கின் அடியில் நாம் செய்வதாக நினைக்கும் தீர்மானம், உண்மையில் அதற்கு ஐம்பது மீட்டர் முன்னாலேயே ஆக்ஸிலரேட்டரில் இருக்கும் காலினால் செய்து முடிக்கப்பட்டுவிடுகிறது. தூரத்தில் வெகு நேரமாகப் பச்சை எரிந்துகொண்டிருக்கிறது என்றால் அனுபவசாலி என்ன நினைக்க வேண்டும்? இது பழைய பச்சை, எந்த நிமிஷமும் மாறும் என்று நினைத்துக் காலைச் சற்றே தூக்க வேண்டும். கண்ணாடியில் பின்னால் வருவது தண்ணீர் லாரியா, சைக்கிளா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வேண்டும். நாமோ பழைய பச்சையைக் கண்டால், கொடுத்த கடன் காலாவதியாவதற்குள் வசூலிக்க ஓடுகிறவர்களைப் போல விரைகிறோம். இப்போது பல சந்திகளில் வினாடிகளை எண்ணிக் காட்டும் பலகை இருக்கிறது. காத்திருப்பவன் என்ஜினை அணைத்து வைக்க அது உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் குறுக்குச் சாலையில் பச்சை மூன்று, இரண்டு என்று இறங்கும்போது ஒருவன் விரட்டிக்கொண்டு வர, இந்தப் பக்கம் சிவப்பு மூன்று, இரண்டு என்று இறங்கும்போதே இன்னொருவன் கிளம்பிவிட, இருவரும் சந்தியின் நடுவே சந்திக்க நாள் குறித்துக் கொடுப்பதும் அதே பலகைதான்.

பச்சையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பச்சை ஆக்ஞை அன்று, அனுமதி. வழி தெளிவாக இருந்தால் நீ போகலாம் என்றுதான் இங்கிலாந்தின் சாலை விதிகளும் அதற்குப் பொருள் சொல்கின்றன. எதிரே உள்ள சாலையில் நம் வண்டி நிற்பதற்கு இடமே இல்லாதபோது, பச்சை எரிகிறதே என்று சந்திக்குள் நுழைந்து நடுவில் நின்றுவிட்டால், அடுத்த பச்சை பக்கத்துச் சாலைக்காரனுக்குப் பயனற்றுப் போகிறது. அவனும் அதே தர்மத்தை அனுசரித்து நுழைகிறான். கால் மணி நேரத்துக்கு நான்கு திசையும் ஸ்தம்பித்துவிடுகிறது. இதற்கிடையே ஹாரன். பச்சை விழுந்த அதே நொடியில் பின்னால் நூறு ஹாரன் எழுகிறதே, அதன் பயன் என்ன? முதலில் நிற்கும் வண்டிகள் கிளம்புவதில் இரண்டு வினாடி போல வீணாகும் என்பதைச் சிக்னல் அமைக்கும் என்ஜினீயர்கள் கணக்கில் முன்னமே எழுதிவிடுகிறார்கள். அதன்பின் ஒரு வரிசையில் இரண்டு வினாடிக்கு ஒரு வண்டி என்ற கணக்கில்தான் கோட்டைக் கடக்க முடியும். பத்தாவதாக நிற்பவரின் முறை வர இருபது வினாடிக்கு மேல் ஆகும். அவர் ஹாரனை அழுத்தினாலும் ஆகும், வாய்விட்டு அழுதாலும் ஆகும்.

சிவப்பில் நிற்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எங்கே நிற்பது என்பதில்தான் நாம் ஒருவருக்கொருவர் ஒத்துப்போவதில்லை. வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால் என்பது விதி. கோட்டையும் கடந்து, நடப்பவர்களுக்காகப் போட்ட வரிக்கோடுகளையும் கடந்து, விளக்கே தம் தலைக்குப் பின்னால் போய்விடும்படி முன்னே போய் நின்றுகொண்டு, பச்சை விழுந்ததா என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் இளைஞர்களை நான் தினமும் காண்கிறேன். அவர்கள் சம்பாதித்தது மூன்று மீட்டர். கையில் பையோடு சாலையைக் கடக்கும் கிழவி, அவர்களுடைய முன் சக்கரங்களைச் சுற்றிக்கொண்டு சந்தியின் நடுவுக்குப் போய்த்தான் அக்கரை சேர வேண்டியிருக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, சிவப்பைத் தாண்டுவதை மோட்டார் வாகனச் சட்டம் அபாயகரமாக ஓட்டும் குற்றங்களுள் ஒன்றாகவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. முதல் தடவைக்கே ஆயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 'ஃப்ரீ லெஃப்ட்' என்று பலகை இருக்கும் இடத்தில், நடப்பவர்களுக்கு வழிவிட்டு இடப்பக்கம் திரும்பலாம். பலகை இல்லாத இடத்தில் நம்முடைய இடது கைக்கென்று தனிச் சட்டம் ஏதும் இல்லை. போலீஸ்காரர் கை காட்டினால் விளக்கு எந்த நிறமாயினும் அவருடைய கைதான் விளக்கு. மின்சாரம் போய் விளக்கு அணைந்திருந்தால், வலப்பக்கத்திலிருந்து வருகிறவனுக்கு வழிவிட வேண்டும். மஞ்சள் மட்டும் கண் சிமிட்டினால் வேகத்தைக் குறைத்துப் பார்த்துப் போக வேண்டும். சிவப்பு கண் சிமிட்டினால் நின்று பார்த்துப் போக வேண்டும்.

ஆம்புலன்ஸ் வந்தால் என்ன செய்வது என்று இளைஞர் ஒருவர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். வழி விடாதவனுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்று சட்டம் இருக்கிறது. ஒதுங்குவதற்காகக் கோட்டைத் தாண்டி இரண்டடி நகர்வதை எந்த மனிதனும் குற்றமென்று சொல்லமாட்டான். ஆனால் அதையே சாக்காக வைத்து, ஆம்புலன்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டு சிவப்பைக் கடக்கும் பத்துப் பேர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நோயாளி பிழைக்க வேண்டுமென்று அவர்களைப்போல மனப்பூர்வமாக விரும்புகிறவர்கள் வேறு யாரும் இருக்க முடியாது.

இன்னொரு விஷயம், சற்றே வழி விலகிச் சொல்கிறேன். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணுடையவர்கள் ஆண்களில் பலர் உண்டு. சிவப்பு மேலே, பச்சை கீழே என்ற ஒழுங்கு அவர்களுக்குத்தான் பெரிதும் உதவுகிறது. பச்சையில் சிறிது நீலம் கலந்திருப்பதும் அவர்களுக்காகத்தான். அமெரிக்காவில் சிராக்யூஸ் நகரத்தின் டிப்பரரி ஹில் பகுதியில் மட்டும் பச்சை மேலே இருக்கிறது. அங்கே குடியேறிய ஐரிஷ் மக்கள், தங்கள் நாட்டு நிறமான பச்சையின் தலைமேல் இங்கிலாந்தின் சிவப்பு உட்காருவதா என்று கோபங்கொள்ள, அவர்கள் பிள்ளைகள் கல்லெறிந்து எறிந்து விளக்கை உடைக்க, நகரசபை கடைசியில் பணிந்துபோயிற்று. நம் ஊரில் கொடிகளுக்கு வர்ணங்கள் பல இருந்தும் இந்த வழக்கு இன்னும் கிளம்பாமல் இருப்பது நம்முடைய பாக்கியம்.

நேரமாகிவிட்டது. ஒரு சம்பவத்தைச் சொல்லி விடைபெறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் விடியற்காலை ரயிலைப் பிடிப்பதற்காக எழும்பூர் நிலையத்துக்கு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். வீட்டில் காபிக்காகத் தாமதித்துவிட்டேன். மனம் கடிகாரத்திலேயே இருந்தது. ஒரு பெரிய சந்தி. விளக்கு மஞ்சளாயிற்று, ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, தேய்ந்து பாதி மறைந்துபோன வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால் முன் சக்கரத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, என்ஜினையும் அணைத்துவிட்டார். பலகையில் 70 என்று சிவப்பு எண். ஒரு மூலையில் சைக்கிளில் டீ விற்பவர் கேனைத் திறந்துகொண்டிருந்தார். வேறு ஒருவரும் இல்லை. பின்னால் வந்த கார் ஒன்று இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு எங்களைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. ஒழுக்கத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் பேசுகிற நானும் என்னை மறந்து, "ஈ காக்கா இல்லையே தம்பி, போயிடலாமே" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "எனக்கு யாரும் தெரியல ஐயா. இதே மாதிரி, யாரும் இல்லன்னு நெனச்சு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒருத்தன் வருவானே, அவனுக்கு நாமளும் தெரிய மாட்டோமே" என்றார்.

அறுபத்தெட்டு, அறுபத்தேழு என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த எழுபது வினாடிக்குள் எந்தத் திசையிலிருந்தும் எந்த வண்டியும் வரவில்லை என்பதையும் நான் உண்மைக்காகச் சொல்லிவிட வேண்டும். பச்சை விழுந்தது. அவர் என்ஜினைக் கிளப்பினார். கிளப்பியபின் வலப்பக்கம் ஒரு தரம், இடப்பக்கம் ஒரு தரம் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அதற்கப்புறந்தான் கிளட்சை விட்டார். நிலையத்தில் இறங்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ரயில் நின்றுகொண்டிருந்தது, அதற்கும் இன்னும் சிக்னல் விழவில்லை.